ஒரு நாளைக்கு ஒரு தோட்டம் போதும்

வந்திருக்கும் கேள்வி இதுதான். வேலூரிலிருந்து அம்மாவும் அப்பாவும் மே மாதம் நடுவில் லண்டன் வருகிறார்கள், ஜூலை முதல் வாரம் வரை இருப்பார்கள். அரண்மனை, மியூசியம் எல்லாம் போன தடவையே பார்த்தாகிவிட்டது. இந்தத் தடவை பிரபுக்களின் பழைய கிராமத்து மாளிகைகளையும் தோட்டங்களையும் காட்ட வேண்டும். கார் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கு கிரிக்கெட் என்றால் உயிர். இரண்டு சனிக்கிழமைகளில் ஆறு இடங்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறேன், சரியா?

சரியில்லை என்பதுதான் என் பதில். ஆறு வேண்டாம், நான்கு போதும். அந்த நான்கையும் நான்கு சனிக்கிழமைகளில் பாருங்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம்.

நானும் ஒரு காலத்தில் உங்களைப் போலத்தான் கணக்குப் போட்டேன். மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரே நாளில் இரண்டு மாளிகைகள் என்று வாடகைக் காரில் அழைத்துப் போனேன். முதல் இடத்தில் அறை அறையாக ஓடினோம். இரண்டாவது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. மாமியார் தோட்டத்து வாசலில் இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். ‘நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்’ என்றார். ஆயிரம் ஏக்கர் நிலத்தில் அவர் பார்த்தது அந்தப் பெஞ்சும் கார் நிறுத்தும் இடமும்தான். அவர் மறுபடி இங்கே வரவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

எஸ்டேட் என்றதும் நமக்கு ஏற்காடும் வால்பாறையும் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. நடுவில் ஒரு மாளிகை, அதைச் சுற்றி அழகுக்கான தோட்டம், அதற்கப்பால் மான்கள் மேயும் புல்வெளி, இன்னும் வெளியே குத்தகைக்காரர்கள் உழுத வயல்கள், சில இடங்களில் தேவாலயத்தோடு ஒரு முழுக் கிராமம்: எல்லாம் சேர்ந்ததுதான் எஸ்டேட். வயல்களின் குத்தகை வருமானத்தில் மாளிகை வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விளைபொருள் விலை விழுந்தது. 1894இல் சொத்து கைமாறும்போது கட்ட வேண்டிய மரண வரி வந்தது. இரண்டு உலகப் போர்களில் வாரிசுகளும் வேலைக்காரர்களும் போனார்கள். நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடித்துத் தள்ளப்பட்டன. 1895இல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை, 1937இல் வந்த ஒரு சட்டத்தின் துணையோடு, வரிக்குப் பதிலாகவும் நன்கொடையாகவும் இவற்றை ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தது. நீங்களும் நானும் டிக்கெட் வாங்கி உள்ளே போக முடிவது அதனால்தான்.

போனதும் தோட்டத்தை முதலில் பாருங்கள், மாளிகையைப் பிறகு. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் தோட்டம் காலை பத்து மணிக்கே திறந்துவிடும், மாளிகை பதினொன்றுக்கு மேல்தான். காலையில் கால்களில் தெம்பு இருக்கும், கூட்டமும் இருக்காது. மதியத்துக்கு மேல் மழை வந்தால் ஒதுங்க மாளிகை இருக்கிறது. அறைக்கு ஒருவர் என்று தன்னார்வலர்கள் நிற்பார்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களிடம் தயங்காமல் பேச்சுக் கொடுங்கள். சுவரில் எழுதி வைத்திருப்பதைவிடப் பத்து மடங்கு விஷயம் அவர்களிடம் இருக்கிறது. அப்பாவின் ஆங்கிலம் தட்டுத் தடுமாறினாலும் பரவாயில்லை, அவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள்.

இனி நான்கு இடங்கள். வரிசையை மாதம் பார்த்துப் போட்டிருக்கிறேன், மாற்றாதீர்கள்.

மே மாதம் வந்த களைப்புத் தீர்ந்ததும் முதலில் கிளேர்மாண்ட். வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஈஷர் வரை அரை மணி நேரத்துக்குள் ரயில், அங்கிருந்து டாக்ஸியில் சில நிமிடங்கள். உங்கள் பெற்றோர் வேலூர்க்காரர்கள் என்பதால்தான் இதை முதலில் வைத்தேன். 1744இல் சென்னைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராக வந்து, 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து முற்றுகையில் தாக்குப் பிடித்த அதே ராபர்ட் கிளைவ், 1769இல் விலைக்கு வாங்கிய எஸ்டேட் இது. பாலாற்றங்கரையில் இன்றும் நிற்கும் டெல்லி கேட்டை அப்பா பார்த்திருப்பார். அந்த வாசலில் தொடங்கிய புகழ் இந்தப் புல்வெளி வரை வந்து சேர்ந்தது. இருந்த மாளிகையை இடித்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டும் பொறுப்பை அவர் லான்ஸ்லட் பிரவுனிடம் கொடுத்தார். இங்கிலாந்தின் தோட்டங்களையே மாற்றி அமைத்தவர் என்று பெயர் எடுத்தவர் பிரவுன். சுவர்கள் தடிமனாக எழுவதைப் பார்த்த சுற்றுவட்டாரக் குடியானவர்கள், சாத்தான் வந்து தூக்கிப் போகாமலிருக்கத்தான் பிரபு இப்படிக் கட்டுகிறார் என்று கிசுகிசுத்தார்களாம். அந்தப் பணம் எப்படி வந்தது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1774 நவம்பரில் கிளைவ் இறந்துபோனார். ஆசையாகக் கட்டிய வீட்டில் அவர் வாழவேயில்லை என்றே சொல்லலாம்.

அந்த மாளிகை இப்போது ஒரு பள்ளிக்கூடம், உள்ளே போக முடியாது. தோட்டம் மட்டும் நேஷனல் டிரஸ்ட் வசம். அதில் கிளைவ் கட்டிய மாளிகைக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் மூத்த ஒரு பொருள் இருக்கிறது. 1720களில் சார்லஸ் பிரிட்ஜ்மன் வெட்டிய புல் அரங்கம் அது. ஒரு குன்றின் சரிவையே வளைவு வளைவான படிகளாகச் செதுக்கி, மேலே புல் போர்த்திய வேலை. கல் ஒன்றுகூடக் கிடையாது. நாடகம் நடத்துவதற்காகச் செய்ததும் அல்ல, கீழே இருக்கும் ஏரியை நின்று பார்ப்பதற்கு மட்டும். அம்மா மேலே ஏற வேண்டியதில்லை. ஏரிக்கரைப் பாதை சமதளம், அங்கிருந்தே அரங்கம் முழுதாகத் தெரியும். புல்வெளியில் ஜமக்காளம் விரித்துப் புளியோதரை சாப்பிடலாம்.

இந்தியாவின் பணம் வந்து சேர்ந்த எஸ்டேட் இது ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். காலனி ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்புள்ள 93 இடங்களை நேஷனல் டிரஸ்ட்டே 2020இல் ஓர் அறிக்கையில் பட்டியலிட்டது. அதைப் பற்றி இங்கே பெரிய சண்டையே நடந்தது. என்னைக் கேட்டால், இந்தத் தோட்டங்களின் அழகும் உண்மை, அந்தப் பணத்தின் கதையும் உண்மை. இரண்டையும் அப்பா அம்மாவிடம் சொல்லித்தான் காட்ட வேண்டும்.

மே கடைசியில் ஷெஃபீல்ட் பார்க். இது முழுக்க முழுக்க அப்பாவுக்காக. விக்டோரியா நிலையத்திலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே இறங்கினால் பக்கத்திலேயே புளூபெல் ரயில்வேயின் நடைமேடை. பிரிட்டிஷ் ரயில்வே 1958இல் மூடிய தடத்தை ஆர்வலர்கள் கையில் எடுத்து, 1960இலிருந்து நீராவி ரயில் ஓட்டுகிறார்கள். கரி வாசனை, சீழ்க்கை, அட்டை டிக்கெட் என்று பதினோரு மைல் பயணம். இறங்குகிற நிலையத்தின் பெயரே ஷெஃபீல்ட் பார்க்தான். அங்கிருந்து தோட்டத்துக்கு ஒரு மைலுக்கும் குறைவு. நீராவி ரயில் எல்லா நாளும் ஓடாது, கால அட்டவணையைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

இந்த எஸ்டேட்டின் மூன்றாவது ஷெஃபீல்ட் பிரபு ஒரு கிரிக்கெட் பித்தர். சொந்த நிலத்தில் மைதானம் அமைத்து, 1884இலிருந்து 1896 வரை இங்கிலாந்துக்கு வந்த ஆஸ்திரேலிய அணிகளை அங்கே வரவழைத்து விளையாடச் செய்தார். 1891–92இல் டபிள்யூ. ஜி. கிரேஸ் தலைமையில் ஓர் அணியைத் தன் செலவில் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போனார். அந்த ஊர் கிரிக்கெட் வளர 150 பவுன் கொடுத்தார். அந்தப் பணத்தில் செய்த கேடயம்தான் ஆஸ்திரேலிய மாநிலங்கள் மோதும் போட்டியின் பரிசான ஷெஃபீல்ட் ஷீல்ட். பிராட்மன் ரன் குவித்த போட்டியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்த மைதானத்தின் ஓரத்தில் நிற்கவைத்து அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் முகத்தை நான் இங்கிருந்தே பார்க்கிறேன்.

தோட்டம் நான்கு ஏரிகளைச் சுற்றியது. 1910இல் இதை வாங்கிய ஆர்தர் சோம்ஸ் இலையுதிர் காலத்து நிறத்துக்கென்றே மரங்களைத் தேர்ந்து நட்டார். அதனால் எல்லா வழிகாட்டிகளும் அக்டோபரில் போகச் சொல்லும். மே கடைசியும் சளைத்ததில்லை. அசேலியாவும் ரோடோடென்ட்ரானும் தண்ணீர் விளிம்பு வரை பூத்து, ஏரிக்குள் இன்னொரு முறை பூத்திருக்கும். மாளிகை தனியார் குடியிருப்பு, வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

ஜூன் முதல் வாரத்தில் ஸ்டவர்ஹெட். நான்கில் தூரமானது இதுதான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வாட்டர்லூவிலிருந்து கில்லிங்காம் வரை இரண்டு மணி நேரம். கென்ட் மாவட்டத்தில் அதே எழுத்துகளோடு இன்னொரு ஊர் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது டார்செட் மாவட்டத்து கில்லிங்காம்தானா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். நிலையத்திலிருந்து டாக்ஸி, திரும்பி வரவும் அதே டாக்ஸியை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வங்கிக்காரக் குடும்பம் ஒன்றின் எஸ்டேட் இது. ஹோர் குடும்பம் 1717இல் வாங்கியது. 1740களில் தோட்ட வேலையைத் தொடங்கிய இரண்டாம் ஹென்றி ஹோர் ஒரு பள்ளத்தாக்கின் வாயில் அணை கட்டி, ஸ்டவர் ஆற்றின் ஊற்றுகளைத் தேக்கி ஏரியாக்கினார். கரையைச் சுற்றிலும் ரோமானிய பாணியில் சிறு கோயில்கள், ஒரு கற்குகை, ஒரு பாலம். செடி வளர்ப்பதற்கான தோட்டம் அல்ல இது, நடப்பதற்கான தோட்டம். நாம் கோயிலை வலமாகச் சுற்றுவோம். இங்கே ஏரியை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும். அந்தத் திசையில் நடந்தால்தான் செய்தவர் நினைத்த வரிசையில் காட்சிகள் வரும். கூட்டத்தோடு எதிர்த் திசையில் போனவர்கள் பலர் ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள்.

நடந்து பார்த்தால் புரியும். நுழைந்ததும் அக்கரையில் வெள்ளைத் தூண்களோடு பாந்தியன் என்ற கோயில் தெரியும், எட்டிப் பிடித்துவிடலாம் போல. பாதை திரும்பும், மரங்கள் மறைக்கும், அது காணாமல் போகும். இன்னும் சிறிது நடந்தால் வேறு கோணத்தில், வேறு உயரத்தில் மறுபடி தெரியும். பிறகு பாதை சரிந்து ஒரு கற்குகைக்குள் இறங்கும். வெயிலிலிருந்து போகிறவருக்கு முதல் சில நொடிகள் ஒன்றும் தெரியாது. குளிர்தான் முதலில் வரும், அடுத்து தண்ணீர்ச் சத்தம். கண் பழகியதும் மேலே கூரைத் துளையிலிருந்து இறங்கும் வெளிச்சத்தில், ஊற்றுநீர் வழியும் மேடையில் ஒரு பெண் தூங்குவது தெரியும். வெண்சிலை. கால் அடியில் கூழாங்கல் பதித்த தரை. ஏரிப் பக்கச் சுவரில் ஒழுங்கில்லாத ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கண் மட்டத்துக்குச் சற்றே கீழே ஏரித் தண்ணீர், அதற்கு அப்பால் பாலமும் கிராமமும் வெயிலில். இருட்டில் நின்று வெளிச்சத்தைப் பார்க்க வைப்பதற்காக ஒரு மனிதர் 1748இல் கல்லை அடுக்கியிருக்கிறார். நான் ஏழெட்டு முறை போயிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்தத் திறப்பில் என் முறைக்காகக் காத்திருந்தேன்.

குகைப் படிகள் சீரில்லாதவை, ஈரமும் உண்டு. அம்மா இறங்க வேண்டாம் என்றால் குகைக்குள் போகாமலே சுற்றைத் தொடரலாம். முழுச் சுற்று ஒரு மைலுக்குச் சற்று அதிகம், வழியெல்லாம் பெஞ்சுகள். அப்பல்லோ கோயில் மேட்டில் இருக்கிறது, அதைக் கீழிருந்து பார்த்தால் போதும். மாளிகைக்குள் ஒரு நூலகம் இருக்கிறது, அதை மட்டும் தவறவிடாதீர்கள். இந்தக் குடும்பத்தின் ஒரே மகன் 1917இல் போரில் காயப்பட்டு இறந்தான். பெற்றோர் 1946இல் எஸ்டேட்டை நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள். மறு ஆண்டு மார்ச்சில் கணவனும் மனைவியும் ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பணம், நடை, சாப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் மனைவியுமாக நான்கு பேர் என்றால் குரூப்சேவ் கேளுங்கள். மூன்றிலிருந்து ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால் நெரிசல் இல்லாத நேர ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நான்கு இடங்களுமே நேஷனல் டிரஸ்ட்டுடையவை. நீங்கள் இருவரும் ஆண்டு உறுப்பினராகிவிட்டால் பெற்றோருக்கு மட்டும் டிக்கெட் வாங்கினால் போதும். பல இடங்களில் சக்கர நாற்காலி இரவல் தருவார்கள், சில இடங்களில் பேட்டரி வண்டியில் ஏற்றிப் போவார்கள். முந்தைய நாள் போன் செய்து கேட்டுவிடுங்கள். அம்மா செருப்போடு வரக்கூடாது, பிடிமானமுள்ள ஷூ வேண்டும், புல் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். சைவம் என்றால் டீக்கடையில் சூப்பும் ரொட்டியும் கிடைக்கும். ஸ்கோன் என்ற சிறு ரொட்டியை வாங்குமுன் முட்டை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டியலில் இருந்த பிளெனிம் அரண்மனையை நான் எடுத்துவிட்டதற்குக் காரணம் உண்டு. பிரம்மாண்டம்தான், பிரவுன் உருவாக்கிய ஏரி ஒன்றே போதும் போவதற்கு. ஆனால் கோடைச் சனிக்கிழமையில் அங்கே கூட்டம் திருவிழா மாதிரி. வேலை நாள் ஒன்று விடுப்பு கிடைத்தால் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பஸ்ஸில் போய் வாருங்கள். அதைவிட, கிடைக்கிற அந்த ஒரு நாளை செசின்கோட்டுக்குக் கொடுங்கள் என்பேன். பேடிங்டனிலிருந்து மோர்டன் இன் மார்ஷ் வரை ஒன்றரை மணி நேர ரயில், பிறகு டாக்ஸி. இங்கிலாந்தின் பசும் மேட்டில் செம்புக் குமிழ்க் கோபுரத்தோடு முகலாய மாளிகை ஒன்று நிற்கும். கம்பெனியில் சம்பாதித்துத் திரும்பிய சார்லஸ் காக்கரல் 1805 வாக்கில் கட்டியது. தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் ஓவியர் தாமஸ் டேனியல். 1792இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மதுரை, தஞ்சாவூர் வரை கோயில்களை வரைந்துகொண்டே போனவர் அவர். ஓடையின் மேல் பாலம், பாலத்தின் மேல் நந்திகள், மேலே சூரியனுக்கு ஒரு சிறு கோயில். வாரத்தில் சில பிற்பகல்கள்தான் திறப்பார்கள், தனியார் வீடு.

தனியார் வீடு என்றதும் இன்னொன்று. 1927இல் மாவட்டச் செவிலியர்களுக்கு நிதி திரட்ட 609 தோட்டங்களின் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு வாசலைத் திறந்தார்கள். நேஷனல் கார்டன் ஸ்கீம் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும் தோட்டங்கள் ஆண்டில் ஓரிரு நாள் திறக்கும், சொந்தக்காரரே கேக் வெட்டித் தருவார். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஜூன் ஞாயிறுகளில் எது திறக்கிறது என்று தேடுங்கள்.

கடைசியாக சிசிங்கர்ஸ்ட். இதை ஜூன் இறுதிக்கு வைத்திருப்பது ஒரே ஒரு ரோஜாவுக்காக. சேரிங் கிராஸிலிருந்து ஸ்டேபிள்ஹர்ஸ்ட் வரை ஒரு மணி நேரம், பிறகு டாக்ஸி.

இந்தத் தோட்டத்தை உருவாக்கிய எழுத்தாளர் வீட்டா சாக்வில் வெஸ்ட் பிறந்து வளர்ந்தது நோல் என்ற மாபெரும் மாளிகையில். ஒரே மகள். பெண்ணுக்கு அந்தச் சொத்து போகாது என்பது குடும்ப ஏற்பாடு. 1928இல் தந்தை இறந்ததும் நோல் சித்தப்பாவுக்குப் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து வீட்டாவும் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் கென்ட்டில் ஓர் இடிபாட்டை வாங்கினார்கள். ஒரு காலத்தில் பிரெஞ்சுப் போர்க்கைதிகளை அடைத்த இடம், பிறகு ஏழைகள் விடுதி. ஒரு செங்கல் கோபுரம், இரண்டு குடில்கள், நடுவில் குப்பை. கணவர் நூல் பிடித்தாற்போலக் கோடு போட்டு வேலிச் செடிகளால் தோட்டத்தை அறை அறையாகத் தடுத்தார். மனைவி அந்த அறைகளுக்குள் செடிகளைக் கட்டுக்கடங்காமல் பொங்க விட்டார். கை விட்டுப் போன வீட்டின் அறைகளை அவர் வெளியில், வானத்தின் கீழ் கட்டிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றும். 1938இல் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ஊருக்குத் திறந்துவிட்டார்கள்.

கோபுரத்துக்கு 78 படிகள். நீங்களும் அப்பாவும் ஏறி மேலிருந்து பார்த்தால் அறைகளின் வரைபடம் முழுவதும் விரியும். அம்மாவை அந்த நேரத்தில் வெள்ளைத் தோட்டத்தில் உட்கார வையுங்கள். வெள்ளைப் பூக்களும் சாம்பல், பச்சை இலைகளும் தவிர வேறு நிறம் அங்கே இல்லை. நடுவில் இரும்புப் பந்தல், அதன் மேல் முழுக்கப் படர்ந்த ரோஜாக்கொடி. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை சில வாரங்கள் மட்டும், மல்லிகை அளவில் ஆயிரக்கணக்கான பூக்கள் கொத்துக் கொத்தாக விரிந்து பந்தலையே மூடிவிடும். வீட்டாவின் குடும்பத்தார் இரவுச் சாப்பாட்டை ஒரு குடிலில் முடித்துவிட்டுப் படுக்க இன்னொரு குடிலுக்குப் போகும் வழி இதன் நடுவேதான். இருள் கவியும்போது மற்ற நிறங்கள் அணைந்த பிறகும் வெள்ளை மட்டும் நின்று ஒளிரும், அதற்காகவே இந்த நிறம். பார்வையாளர்களை அந்திவரை இருக்க விடமாட்டார்கள். ஆகவே அன்று மேகமூட்டமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள். சுள்ளென்ற வெயிலில் அந்தத் தோட்டம் கண்ணைக் கூசும், மேகத்தின் கீழ்தான் பூக்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். குடை மட்டும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.